ஒருமனதாக

அந்த வாக்கியம் பள்ளிக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் நீல மையில் இருக்கிறது. தகுதியின் அடிப்படையில் இன்னார் ஒருமனதாகத் தெரிவு செய்யப்பட்டார் என்பது வாசகம். கீழே ஐந்து கையெழுத்து. முதலாவது என்னுடையது. தாளாளர் என்ற முறையில் நான்தான் முதலில் போட வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் குருவானவராக ஊழியம் செய்து ஓய்வுபெற்றிருக்கிறேன். பிரசங்கம், ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை, வீடு சந்திப்பு, திருவிருந்து என்று இந்த வேலையின் ஒவ்வொரு கூறும் செய்யச் செய்யக் கைக்கு வந்தது. மனந்திரும்புதலைப் பற்றி மட்டும் இறையியல் கல்லூரியில் படித்தது பாதிதான். மீதியை அந்த ஒரு வரியிடம் கற்றேன். ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அலுவலகத்திலும் பள்ளியிலும் கடையிலும் தினமும் கையெழுத்துப் போடுகிற விசுவாசிகளுக்கும் பயன்பட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

அப்போது ஒரு சேகரத்தின் பொறுப்பில் இருந்தேன். சேகரத்துக்கு உட்பட்ட தொடக்கப் பள்ளிக்கும் நானே தாளாளர். அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் சம்பளம் அரசுடையது, தெரிவு எங்களுடையது. இடைநிலை ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியானது. நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒரு பெண் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கழித்தலில் கடன் வாங்குவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். பின் வரிசையில் எப்போதும் தூங்கும் பையன்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். என் மதிப்பெண் தாளில் அவர் பெயரை முதலில் எழுதினேன்.

அன்று இரவு கமிட்டி கூடியது. நான் மதிக்கும் ஒரு பெரியவர் பேச்சைத் தொடங்கினார்.

"ஐயா, மழைக்கு முந்தி பள்ளிக்கூடத்துக் கூரைய மாத்தியாகணும். இன்னொரு வீட்டுக்காரங்க கட்டட நிதிக்கு நல்ல தொகை தாரோம்னு சொல்லுதாங்க. அவங்க பிள்ளையும் படிச்ச பிள்ளதான?"

தயங்கினேன். "உங்க பைக்கா போவுது? ஆண்டவர் பள்ளிக்கூடத்துக்குத்தான போவுது" என்றார் இன்னொருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மணி பத்தரை. செயலாளர் தீர்மானத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். மூடியைக் கழற்றிய பேனாவோடு புத்தகம் என் முன் வந்தது. 'ஒருமனதாக' என்ற சொல்லைப் பார்த்தேன். என் மனமே அப்போது இரண்டாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நெருக்கடி வரும்போது அது எதிரியின் முகத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என் எதிரிகள் இல்லை. என் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறைவைத்து இரவுக் காவல் இருந்தவர்கள். கூரை ஒழுகியதும் உண்மை. சமரசம் என்பதும் நல்ல சொல். பத்து வருடம் பேசாதிருந்த அண்ணன் தம்பியை ஒரே பாயில் உட்காரவைப்பது சமரசம். அது என் வேலை, அதை நன்றாகச் செய்பவன் என்று பெயரும் எடுத்திருந்தேன். அந்தப் பெயர்தான் எனக்குக் கண்ணி ஆனது. யார் முகமும் வாடக் கூடாது என்று பழகிய மனம், அறையில் இல்லாத ஒருத்தியின் முகத்தை எளிதாக மறந்துவிடுகிறது. சமாதானம் பண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இந்தச் சமாதானத்துக்கு விலை கொடுப்பவர் இந்த அறையில் இருக்கிறாரா?

'வெறும் காகிதம்தானே' என்று அன்றிரவு என்னைத் தேற்றிக்கொண்டேன். திருச்சபை வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு வயது ஆயிரத்து எழுநூறுக்கு மேல்.

கி.பி. 250. ரோமப் பேரரசன் டேசியஸ் தன் குடிகள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், இட்டதற்கு அதிகாரிகளிடம் சான்று பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றுச் சீட்டுக்கு 'லிபெல்லுஸ்' என்று பெயர். எகிப்தின் மணலிலிருந்து அப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆளின் பெயர், ஊர், தான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன் என்ற உறுதிமொழி, அதிகாரியின் ஒப்பம், தேதி. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சபையில் பலர் பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வேறு சிலர் பலிபீடத்தின் பக்கமே போகாமல், பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். நான் எதையும் வணங்கவில்லையே, கையில் காகிதம்தானே இருக்கிறது என்பது இவர்களுடைய வாதம். அந்த ஊர்ப் பேராயர் சிப்ரியான் இவர்களுடைய குற்றம் பலியிட்டவர்களுடையதைவிடச் சிறியது என்று ஒத்துக்கொண்டார். குற்றமே இல்லை என்று ஒத்துக்கொள்ளவில்லை. காகிதம் அவர்கள் பெயரால் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருந்ததல்லவா? நானும் சீட்டுக்காரன்தான். நான் தூங்கும்போதும் தீர்மானப் புத்தகம் என் பெயரால் பேசிக்கொண்டிருந்தது.

அதன்பின் மாதங்கள் ஓடின. ஊழியம் வெளியில் நன்றாகவே நடந்தது. என் பிரசங்கக் குறிப்பேட்டைப் பின்னாளில் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மாதங்களில் நான் ஆமோஸைத் தொடவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எடுக்கவில்லை. சகேயு வரவேண்டிய ஞாயிறு, அன்றைய சங்கீதத்தை வைத்துப் பேசியிருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. திட்டமிட்டு ஒதுக்கியதாக எனக்கும் நினைவில்லை. கை தானாகவே அந்தப் பக்கங்களைத் தாண்டியிருக்கிறது. இளைய ஊழியர்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் நுணுக்கம் ஒன்று உண்டென்றால் இதுதான்: எதைப் பிரசங்கிக்கிறோம் என்பதைவிட, எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுங்கள். புண் இருக்கும் இடத்தைத் தொடவிடாமல் உடம்பு ஒதுங்கும். ஊழியக்காரனின் வேதாகமமும் அப்படியே ஒதுங்கும்.

பாடுகளின் வாரத்தில் பேதுருவை மட்டும் யாராலும் ஒதுக்க முடியாது. பெரிய வியாழனுக்காக யோவான் 18ஆம் அதிகாரத்தோடு உட்கார்ந்தேன். பிரதான ஆசாரியனின் முற்றம், குளிர், வேலைக்காரர் மூட்டிய கரிநெருப்பு. பேதுரு அங்கே நின்று குளிர்காய்ந்தபடியே மறுதலிக்கிறான். பிறகு 21ஆம் அதிகாரம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் சீஷர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார், அங்கேயும் கரிநெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை கேள்வி கேட்கப்படுகிறது, அதே கரிப்புகையின் வாசனையில்.

இருபது வருடமாக அந்தப் பகுதியைப் பிரசங்கித்தவன் நான். ஆண்டவர் பேதுருவுக்கு அந்த இரவை மறக்கக் கற்றுத்தரவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. விழுந்த இடத்துக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வைத்துத்தான் ஆடுகளை மேய்க்கும் வேலையைத் திரும்பக் கொடுத்தார்.

பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லான 'ஷூவ்' என்பதற்குத் திரும்பிவருதல் என்று பொருள். புதிய ஏற்பாட்டின் 'மெட்டனொயா', மனம் மாறுதல். நம் தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது: மனம், திரும்புதல். மனம் மட்டும் கசிந்தால் அது வருத்தம். எனக்கு வருத்தம் நிறைய இருந்தது, அந்தரங்க ஜெபத்தில் கண்ணீரும் இருந்தது. கால்தான் இன்னும் திரும்பவில்லை.

அன்றிரவு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை போனேன். அந்தப் பெண்ணின் தாய் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகள் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் தாளில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது என்றும், அதற்கு மாறாக நான் கையெழுத்திட்டேன் என்றும், அது பாவம் என்றும் சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். தாயின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஜெபம் பண்ணிட்டுப் போறேம்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வீடு தேடி வந்து சொன்னது பெரிய காரியந்தான் ஐயா. ஆனா அந்தப் புஸ்தகத்துல இன்னும் அப்படியேதான இருக்கு?"

ஜெபத்துக்காக மடித்த கையைப் பிரித்துக்கொண்டேன். கடினமான பேச்சை ஜெபத்தால் முடித்து எழுந்துவிடுவது எங்கள் தொழிலில் எவ்வளவு ஊறிய பழக்கம் என்று அந்தத் திண்ணையில் உணர்ந்தேன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு லேசாகத் திரும்பலாம் என்று போயிருந்தேன். அந்த அம்மா எனக்கு வேலை கொடுத்து அனுப்பினார்.

அவர் கேட்டது வேதம் கேட்பதுதான். பிறருக்கு அநியாயம் செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் திருப்பித்தர வேண்டும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. சகேயு நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். இவை பாவத்துக்குச் செலுத்தும் விலை என்று யாரும் எண்ண வேண்டாம்; அந்த விலையைச் சிலுவையில் ஒருவர் செலுத்திவிட்டார். மன்னிப்பு இலவசம். அதனால்தான் பயமில்லாமல் போய்ப் புத்தகத்தைத் திறக்க முடிகிறது.

அடுத்த கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தெரிவு ஒருமனதானது அல்ல, என் மதிப்பெண்படி முதலில் நின்றவர் வேறொருவர், கட்டட நிதிக்குத் தொகை பெறப்பட்டது தெரிவைப் பாதித்தது, இதற்குத் தாளாளராகிய நான் முதல் பொறுப்பாளி என்று எழுதி, அதை அதே தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும்படி கேட்டேன். மேலிடத்துக்கும் ஒரு படி அனுப்பினேன். மேசையைச் சுற்றி வெகுநேரம் மௌனம். "எங்க எல்லாரையும் கள்ளனாக்கிட்டீங்களே ஐயா" என்றார் அந்தப் பெரியவர். அவர் குரல் தழுதழுத்தது. அந்த வலியும் என் கணக்கில்தான் சேரும். அன்றே மறுத்திருந்தால் அவரையும் காப்பாற்றியிருப்பேன். கடிதம் பதிவானது. மே மாதம் எனக்கு இடமாற்றம் வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டவரின் நியமனம் அப்படியே நின்றது. புளியங்கொட்டை முடிந்துவந்த பெண்ணுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பொய்த் தீர்மானம் ஆகிவிடும். மனந்திரும்புதல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. பொய் தொடர்ந்து பேசுவதை அது நிறுத்தும்.

ஒரு தேசத்தின் திருச்சபையே இப்படிப் புத்தகத்தைத் திறக்க வேண்டி வந்ததுண்டு. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, ஷிண்டோ ஆலயங்களுக்குப் போய் வணங்கும்படி கிறிஸ்தவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1938 செப்டம்பரில் பியாங்யாங்கில் கூடிய பிரஸ்பிட்டேரியன் பொதுச்சங்கத்தில், அது மத வழிபாடு அல்ல, குடிமக்களின் கடமை மட்டுமே என்று தீர்மானம் வந்தது. போலீசார் அவைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆதரவு தெரிவிப்பவர்கள் கேட்கப்பட்டார்கள். எதிர்ப்பவர் உண்டா என்று கேட்கப்படவில்லை. அங்கேயும் ஒரு 'ஒருமனதாக'. அந்த நகரத்துப் போதகர் ஜூ கி-சொல் வணங்க மறுத்து, மீண்டும் மீண்டும் சிறை சென்று, 1944 ஏப்ரலில் சிறையிலேயே இறந்தார். தீர்மானத்தைப் பொதுச்சங்கம் 1954இல் ரத்து செய்தது. தனி மனிதர்களின் கணக்கு தீர இன்னும் காலம் பிடித்தது. உலகம் அறிந்த போதகரான ஹான் கியுங்-சிக் 1992இல் டெம்பிள்டன் பரிசு பெற்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் அந்த ஆலயத்தில் வணங்கிய பாவி என்று எல்லாருக்கும் முன் அறிக்கையிட்டார். அப்போது அவர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். மாலைகள் விழுகிற நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தேவனுடைய பயம் இருந்திருக்க வேண்டும்!

என் அனுபவம், பிறருடைய அறிக்கையை நான் கேட்கும் விதத்தை மாற்றியது. ஊழியக்காரனிடம் மக்கள் வெளிப்படையாக வருவதில்லை. மகன் படிப்புக்கு ஜெபிக்கச் சொல்லி வருவார்கள்; செருப்பை மாட்டும்போது அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வார்கள். அந்த வாசற்படிப் பேச்சுதான் அவர்கள் வந்த காரியம். முன்பு நான் உடனே ஆறுதல் சொல்லி அனுப்புவேன். இப்போது மறுபடி உட்காரச் சொல்கிறேன். யாருக்கு அநியாயம் நடந்தது என்று கேட்கிறேன். பிறகு அந்தத் திண்ணைக் கேள்வி: இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

இதில் ஊழியக்காரன் இரண்டு பக்கமும் தவறலாம். கார்த்தேஜில் துன்பம் தணிந்ததும் விழுந்துபோனவர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். விசுவாசத்துக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் சிபாரிசுச் சீட்டு வாங்கிவந்து, உடனே திருவிருந்து தரும்படி நெருக்கினார்கள் சிலர். ஒரு சீட்டால் விழுந்தவர்கள் இன்னொரு சீட்டால் எழுந்துவிடப் பார்த்தார்கள். ரோமில் நொவாசியான் என்பவரோ, விழுந்தவர்களுக்குச் சபையின் கதவு இனித் திறக்காது என்றார். சிப்ரியானும் அவரோடு 251இல் கூடிய பேராயர்களும் இரண்டுக்கும் நடுவில் கடினமான வழியைப் பிடித்தார்கள். கதவு உண்டு, அதுவரை நடந்துவர வேண்டும். ஒவ்வொருவரின் கதையும் தனித்தனியாகக் கேட்கப்படும். துன்பக் காலத்தில் தலைமறைவாக இருந்தவர் என்ற குறையைச் சிப்ரியானே சுமந்தவர். 258 செப்டம்பர் 14 அன்று வாளுக்கு முன் நின்றபோது அவர் ஓடவில்லை.

கதவை அடைப்பது எவ்வளவு கொடிது என்பதற்கு யூதாஸைப் பார்க்க வேண்டும். அவன் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஆசாரியர்களிடமே அறிக்கையிட்டான். அவர்கள் அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று அனுப்பிவிட்டார்கள். அவனும் ஆண்டவரிடம் திரும்பாமல் தனியே போய் மாண்டான். பேதுருவோ அழுதுவிட்டு மற்றச் சீஷர்களோடேயே இருந்தான். அதனால் கடற்கரைக்கு வந்துசேர்ந்தான். யூதாஸின் பாவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறோம். பாவத்தை ஒப்புக்கொண்டு வந்தவனைக் கைவிட்ட ஆசாரியர்களைப் பற்றி, ஆசாரிய ஊழியம் செய்கிற நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்?

நிலைத்து நிற்பதற்கும் பழக்கம் வேண்டும். ராஜாவின் போஜனம் மேசைக்கு வருவதற்கு முன்பே தானியேல் தன் இருதயத்தில் தீர்மானித்திருந்தான். பிறகு பணிவாகப் பேசிப் பத்து நாள் தவணை கேட்டான். உள்ளே உறுதி, நாவில் மரியாதை. நானும் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு முன்பே எழுதிவைத்த தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. பணமும் நியமனமும் சேர்ந்து வரும் பேச்சை இரவில் முடிப்பதில்லை. போடுவதற்கு முன் வரியை உரக்க வாசிப்பேன். பொய்யை உரக்க வாசிக்க நாக்கு கூசும். "இதில் என் மறுப்பை எழுதிக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தை, பிரசங்கத்தை ஒத்திகை பார்ப்பதுபோல், தனியறையில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். முதல் முறை சபையில் சொன்னபோது குரல் நடுங்கியது. நான்காம் முறை நடுங்கவில்லை.

ஆராதனையிலும் ஒன்றை மாற்றினேன். திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கைக்கு அழைத்ததும், உடனே வாசிக்கத் தொடங்காமல் மெதுவாக முப்பது எண்ணும் அளவு மௌனமாக நிற்பேன். எங்கள் ஊர்ச் சபைகளில் தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஜெபப் புத்தகத்தின் பொதுப் பாவ அறிக்கைக்கு மூலம், இங்கிலாந்தில் பேராயர் தாமஸ் கிரான்மர் உருவாக்கிய 1552ஆம் ஆண்டுப் புத்தகம். அதே கிரான்மர் பின்னாளில் சிறையில் வைத்து நெருக்கப்பட்டபோது, தன் விசுவாசத்தை மறுக்கும் பத்திரங்கள் பலவற்றில் கையெழுத்திட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில் அவற்றை எல்லாருக்கும் முன் திரும்பப் பெற்று, நெருப்பில் நிறுத்தப்பட்டபோது கையெழுத்திட்ட வலது கையை முதலில் நீட்டினார். சபை முழுவதும் சேர்ந்து நாம் சொல்லும் அறிக்கையை, விழுந்து எழுந்த ஒருவர்தான் நமக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த மௌனத்தில் எல்லாருக்கும் ஒரு வரி நினைவுக்கு வரட்டும் என்று காத்திருப்பேன். எனக்கு நீல மை வரும்.

அந்தப் புத்தகம் இன்றும் அந்தப் பள்ளியின் அலமாரியில் இருக்கிறது. தீர்மானம் ஒரு பக்கத்தில், என் கடிதம் சில பக்கங்கள் தள்ளி. வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் பெயரால் எந்த ஏட்டிலாவது ஒரு வரி பொய் பேசிக்கொண்டிருந்தால், அதற்காக அழுதது போதும். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். அவர் என்ன கேட்கிறாரோ அதைச் செய்யுங்கள். ஆண்டவர் அந்தத் திண்ணையில் உங்களுக்கு முன்பே வந்திருப்பார்.